படம் ஏற்றும்போது திரை ஏன் மினுக்குகிறது?

மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று, படங்களைச் சேமிக்க அதன் பக்கத்தில் தனியாக ஒரு ஃபிளாஷ் சிப், ரிப்பன் கேபிளில் இணைந்த எல்சிடி திரை. காபி இயந்திரம் முதல் மின்சார ஸ்கூட்டர் வரை பல கருவிகளின் முகப்புக்குப் பின்னால் இந்த மூன்றும்தான் இருக்கின்றன. ஒரே நிறத்தை நிரப்பும்போது திரை அசையாமல் நிற்கும். ஃபிளாஷிலிருந்து ஐகானோ பின்னணிப் படமோ வரும் கணத்தில் மட்டும் மினுக்கும்; படம் வந்து முடிந்ததும் மறுபடி அமைதியாகிவிடும். காரணம் கேட்டால் ஃபிளாஷ் மெதுவானது என்பார் ஒருவர். படங்களை முன்கூட்டியே ரேமுக்கு மாற்றியிருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். இரட்டை பஃபர் இல்லை, பஸ்ஸில் நெரிசல், மின்வழங்கல் சரியில்லை என்று விளக்கங்கள் நீளும். இவை எல்லாமே எங்கோ ஓரிடத்தில் உண்மையாக இருப்பவை. ஆனால் மிகுதியாகச் சொல்லப்படும் முதல் விளக்கம், அது சொல்லப்படும் அளவுக்குப் பொருந்துவதில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். தரவு வராமல் திரை எவ்வளவு நேரம் தாங்கும், தரவு வருவது அதிகபட்சம் எவ்வளவு நேரம் தடைபடும் என்ற இரண்டு கால அளவுகளை ஒப்பிட்டால்தான் பெரும்பாலான வழக்குகள் தீர்கின்றன. சராசரி வேகக் கணக்கு அந்த இடத்தில் உதவுவதில்லை.

நாற்பது ஆண்டுத் தகராறு

திரையும் செயலியும் ஒரே நினைவகத்துக்காக அடித்துக்கொள்வது தனிநபர் கணினி அளவுக்குப் பழையது. 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த சிஜிஏ கார்டில் 16 கிலோபைட் நினைவகத்துக்கு ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. 80 பத்தி எழுத்து முறையில் திரை வரைந்துகொண்டிருக்கும்போது செயலி அந்த நினைவகத்தைத் தொட்டால், திரைக்குப் போக வேண்டிய பைட்டு கிடைக்காமல் பனித்தூறல் போன்ற புள்ளிகள் தெறிக்கும். அதை மறைப்பதற்காக, எழுத்துகளை மேலே நகர்த்தும் நேரத்தில் ஐபிஎம்மின் பயாஸ் திரை வெளியீட்டையே அணைத்துப் போட்டது. புள்ளிகள் போயின, அந்த இடத்தில் மினுக்கம் வந்து உட்கார்ந்தது. ஒரு தீர்வு இன்னொரு கோளாறாகத் தலைதூக்குவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

அதே காலத்தில் வேறு விடைகளும் இருந்தன. 1977இன் ஆப்பிள் II கணினியில், 6502 செயலி ஒவ்வொரு கடிகாரச் சுற்றிலும் பாதி நேரம்தான் நினைவகத்தைத் தொடுகிறது என்பதைப் பயன்படுத்திக்கொண்ட வாஸ்னியாக், மறுபாதியைத் திரைக்கு ஒதுக்கினார். மோதலே இல்லை. 1982இன் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் திரைக்கு முதலுரிமை. குறிப்பிட்ட நினைவகப் பகுதியைச் செயலி கேட்டால் அதன் கடிகாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டின் கமடோர் 64இல் எழுத்துப் பகுதியின் எட்டு வரிக்கு ஒரு வரியில் செயலி ஏறத்தாழ 40 சுற்றுகளை இழந்தது. 1980களில் ஐபிஎம் ஆய்வாளர்கள் உருவாக்கிய இருவாசல் வீடியோ ரேம், நினைவகத்துக்கே இரண்டாவது கதவைத் திறந்துவிட்டது. நேரத்தைப் பங்கிடுவது, ஒருவரை நிறுத்திவைப்பது, கதவைக் கூட்டுவது: இன்றைய மைக்ரோகன்ட்ரோலர்களில் புதிய பெயர்களோடு திரும்பி வந்திருப்பவை இந்த மூன்றும்தான். வெளி ஃபிளாஷ் என்ற புதிய ஆள் கூட்டத்தில் சேர்ந்திருப்பது மட்டுமே வேறுபாடு.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியவை

திரை மினுக்குகிறது என்று புகார் வரும்போது கண் ஒன்றாகப் பார்ப்பது பல வேறு நிகழ்வுகளை. முழுத் திரையின் வெளிச்சம் ஏறி இறங்கினால் சந்தேகம் பின்விளக்கின் மேல் விழ வேண்டும். படத்தின் மேல்பாதி புதியதாகவும் கீழ்ப்பாதி பழையதாகவும் ஒரு கிழிசல் கோட்டோடு தெரிந்தால் ஒத்திசைவு தவறியிருக்கிறது. படம் முழுக்கப் பக்கவாட்டில் நகர்ந்தால் பிக்சல் ஓட்டம் நடுவில் அறுந்திருக்கிறது. வெள்ளை ஒரு கணம் பளிச்சிட்டுப் பிறகு படம் வந்தால், துடைத்துவிட்டு வரையும் நிரலின் வேலை அது. பழைய ஐகானும் புதிய ஐகானும் மாறி மாறித் தெரிந்தால் இரண்டு பஃபர்களில் ஒன்று புதுப்பிக்கப்படவில்லை. இவற்றைக் கண்ணால் பிரிப்பது கடினம். ஆனால் நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கைப்பேசி கேமரா இருந்தால் பெரும்பாலும் போதும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் தீர்வுக்குத் தாவுவதே விவாதம் குழம்புவதற்கு முதற்காரணம் என்று சொல்லலாம். வெவ்வேறு கோளாறுகளைச் சரிசெய்தவர்கள், தத்தம் மருந்தே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நம்பிவிடுகிறார்கள்.

ஃபிளாஷ் மெதுவானது என்ற வாதம்

இந்த வாதத்தின் பலம் எண்களில் இருக்கிறது. 480க்கு 272 பிக்சல் திரைக்கு, பிக்சலுக்கு இரண்டு பைட்டு வீதம், முழுப் படம் 2,61,120 பைட்டு. ஒற்றைக் கம்பி எஸ்பிஐ இணைப்பை 20 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் நொடிக்கு 2.5 மெகாபைட்தான் வரும். படம் வந்து சேர 104 மில்லிநொடி ஆகும். 60 ஹெர்ட்ஸ் திரையில் அதற்குள் ஆறு ஃபிரேம்கள் கடந்துவிடும். நான்கு கம்பியில் 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் கணக்குப்படி நொடிக்கு 40 மெகாபைட். அதே படம் ஏழு மில்லிநொடிக்குள் வந்துவிடும். ஆகவே வேகமான ஃபிளாஷ் வாங்கு என்பது முடிவு.

இந்தக் கணக்கு மறைப்பது, ஒவ்வொரு வாசிப்புக்கும் முன்னால் கொடுக்கும் சுங்கத்தை. கட்டளைக்கு 8 சுற்று, நான்கு கம்பியில் போகும் முகவரிக்கு 6, அதன்பின் காத்திருப்புச் சுற்றுகள் 6 என்று வைத்தால், முதல் பைட்டு வருவதற்கு முன்பே 20 சுற்று போய்விடுகிறது. செயலியின் கேஷ் கேட்பதுபோல் 32 பைட்டுத் துண்டுகளாக வாசித்தால் 40 மெகாபைட் 30 ஆகக் குறைகிறது. நான்கு நான்கு பைட்டாகத் தாவித் தாவி வாசித்தால் 11 மெகாபைட்தான் மிஞ்சும். ஏழு மில்லிநொடிக்கும் குறைவாக வந்த படத்துக்கு இப்போது 23 மில்லிநொடி வேண்டும். படத்தைச் சுழற்றி வரையும்போது, அதாவது வரிசையாக இல்லாமல் பத்தி பத்தியாக வாசிக்கும்போது, இது நடக்கக்கூடும். சிப்பை மாற்றாமல் வாசிக்கும் முறையை மட்டும் மாற்றி மூன்று மடங்கு வேகம் பெற முடியும் என்றால், மெதுவானது எது என்ற கேள்விக்கு விடை அத்தனை நேரடியானதல்ல.

இதைவிட அடிப்படையான எதிர்வாதம் ஒன்று உண்டு. மெதுவான ஃபிளாஷ், படம் தாமதமாக வருவதற்கு விளக்கம் தரும். ஏற்கெனவே திரையில் நிற்கும் படம் ஏன் கலைகிறது என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. பழைய படம் திரை வாசிக்கும் ஃபிரேம் பஃபரில் பத்திரமாக இருக்கும்வரை, புதியது வர 100 மில்லிநொடி ஆனாலும் பார்ப்பவருக்குத் தெரிவது சிறு தாமதம்தான். தாமதம் மினுக்கமாக மாறுவதற்கு வேறொரு நிபந்தனை வேண்டும்: பாதி வரைந்ததைத் திரை பார்க்க நேர வேண்டும், அல்லது திரைக்குப் போகும் ஓட்டமே தடைபட வேண்டும்.

முன்கூட்டியே ரேமுக்கு மாற்றுவது

படங்களைத் தொடக்கத்திலேயே வெளி ரேமுக்கு நகலெடுத்துவிடும் வழக்கம் பரவலானது. டச்ஜிஎஃப்எக்ஸ் போன்ற வரைகலை நூலகங்கள் இதற்கென்றே பிட்மேப் கேஷ் வைத்திருக்கின்றன. செயலியின் முகவரிப் பரப்பில் நேரடியாகத் தெரியாத ஃபிளாஷ் என்றால் அது கட்டாயமாகவும் ஆகிறது. எட்டு மெகாபைட் படங்களை 40 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்க 0.2 நொடி, கருவி இயங்கத் தொடங்கும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் நகலெடுத்த பின் ஃபிரேம் பஃபரும் படங்களும் ஒரே ரேம் சிப்பில் குடியேறுகின்றன. முன்பு படம் ஃபிளாஷ் வழியிலும் திரைத் தரவு ரேம் வழியிலும் தனித்தனியாகப் போயின. இப்போது இரண்டும் ஒரே கம்பிகளில் நெருக்கியடிக்கின்றன. ஃபிளாஷ் அழுத்தத்தை நீக்கியவர்கள் சிலநேரம் மினுக்கம் கூடிவிட்டதாகக் குழம்புவதற்கு இது காரணமாக இருக்கலாம். 24 பிட் படத்தை 256 நிறத் தட்டோடு 8 பிட்டாகச் சுருக்கி, ஃபிளாஷிலிருந்து வரும் பைட்டை மூன்றில் ஒரு பங்காக்குவது பல முகப்புகளுக்கு இதைவிட மலிவான வழி.

இரட்டை பஃபரும் ஒத்திசைவும்

திரை ஒரு பஃபரைக் காட்டும்போது இன்னொன்றில் வரைந்து, ஃபிரேம்களுக்கு இடையிலான வெற்று நேரத்தில் மாற்றிப்போடுவது, கிழிசலுக்கும் வெள்ளைப் பளிச்சுக்கும் ஐயமற்ற மருந்து. எஸ்டிஎம்32 வரிசையின் எல்டிடிசி கன்ட்ரோலரில் பஃபர் முகவரி நிழல் ரெஜிஸ்டரில் எழுதப்படுகிறது. உடனே ஏற்றச் சொன்னால் கிழியும், இடைவெளியில் ஏற்றச் சொன்னால் கிழியாது. ஒரு பிட்டின் வேறுபாடு. ஆனால் மாறிய பகுதியை மட்டும் வரையும் நூலகங்களில் புதுச் சிக்கல் வருகிறது. ஐகானைப் பின் பஃபரில் வரைந்து மாற்றிப்போட்ட பின், அடுத்த முறை முன்னுக்கு வரும் பஃபரில் பழைய ஐகானே இருக்கும். தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டும் நொடிக்கு 30 முறை மாறி மாறித் தெரியும். இரட்டை பஃபர் போட்ட பிறகுதான் மினுக்கம் தொடங்கியது என்ற புகாரைக் கேட்டால் முதலில் இதையே பார்க்க வேண்டும்.

தனக்குள்ளேயே நினைவகம் வைத்திருக்கும் சிறு திரைகளில் கதை சற்று வேறு. 240க்கு 320 பிக்சல் உள்ள ஐஎல்ஐ9341 வகைத் திரைக்கு ஒரு முழுப் படம் 1,53,600 பைட்டு. 40 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐயில் 30.7 மில்லிநொடி. திரையின் புதுப்பிப்பை 60 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து, டிஇ என்ற சைகை வந்ததும் எழுதத் தொடங்கினால், திரையின் முதல் சுற்று முன்னால் ஓடிவிடும். இரண்டாவது சுற்று 33.3ஆம் மில்லிநொடியில் கடைசி வரியை எட்டும்போது எழுத்து முடிந்திருக்கும். ஒரே பஃபரில் கிழிசல் இல்லாமல் நொடிக்கு 30 படம். அழகான உத்தி, ஆனால் அதில் கையிருப்பு இரண்டரை மில்லிநொடிதான். திரையும் ஃபிளாஷும் ஒரே எஸ்பிஐ கம்பிகளில் தொங்கும் மலிவுப் போர்டுகளில், வாசிக்கும் நேரமும் எழுதும் நேரமும் கூடி அந்தக் கையிருப்பைக் கரைத்துவிடும். அங்கே ஒத்திசைவை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் பயனில்லை.

ஓட்டம் அறுபடுவது

மேலே சொன்ன எல்லா விளக்கங்களும், திரை தன் பஃபரை எப்போது கேட்டாலும் வாசித்துவிட முடியும் என்று எடுத்துக்கொள்கின்றன. கடினமான வழக்குகள் தொடங்குவது அந்த நம்பிக்கை உடையும் இடத்தில். எஸ்டிஎம்32எஃப்746 டிஸ்கவரி போர்டை எடுத்துக்கொள்ளலாம்: 4.3 அங்குலத் திரை, 16 மெகாபைட் நான்கு கம்பி ஃபிளாஷ், 16 பிட் அகலத்தில் இணைத்த எஸ்டிரேம். 108 மெகாஹெர்ட்ஸில் அந்த ரேம் ஏட்டளவில் நொடிக்கு 216 மெகாபைட் தரும். திரைக்கு வேண்டியது 15.7 மெகாபைட், அதாவது ஏழு விழுக்காடு. இந்தக் கணக்கைக் காட்டி, நெரிசலுக்கு இடமே இல்லை என்று மறுப்பவர்கள் உண்டு. மறுப்பு வலுவாகத் தெரிந்தாலும், அது சராசரியைப் பற்றியது. திரைக்குச் சராசரி தெரியாது. மாநகராட்சித் தண்ணீர் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பதைவிட, விநியோகம் நின்றிருக்கும் நேரத்தை மாடித் தொட்டி தாங்குமா என்பதே வீட்டுக்காரரின் கவலை, இங்கும் அப்படித்தான்.

எல்டிடிசியின் தொட்டி ஒவ்வோர் அடுக்குக்கும் 64 சொற்கள், 256 பைட்டு. இரண்டு பைட்டுப் பிக்சலில் அது 128 பிக்சல். இந்தத் திரையின் பிக்சல் கடிகாரம் 9 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும்போது 14 மைக்ரோநொடிக்குத் தாங்கும். 800க்கு 480 திரையை 33 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் நான்கு மைக்ரோநொடிகூடத் தாங்காது. ஃபிளாஷிலிருந்து ஒரு கேஷ் வரியை வாசிக்க ஒரு மைக்ரோநொடி. அதுவும் தனி வழியில் போவதால் அது நேரடிக் குற்றவாளியாக வாய்ப்பு குறைவு. ஆனால் படத்தை எஸ்டிரேமில் கலந்து எழுதும் டிஎம்ஏ2டி முடுக்கி, பின்னணியை வாசித்துப் படத்தோடு சேர்த்துத் திரும்ப எழுதும்போது ரேமை இடைவிடாமல் பிடித்துக்கொள்ள முடியும். அதன் இரண்டு அணுகல்களுக்கு நடுவே கட்டாய ஓய்வு விடுவதற்கு ஒரு டைமர் ரெஜிஸ்டரைச் சிப்பைத் தயாரிக்கும் எஸ்டி நிறுவனமே வைத்திருப்பது, இந்த மோதல் வடிவமைப்பாளர்கள் அறிந்த ஒன்று என்பதற்குச் சான்று. கார்டெக்ஸ்-எம்7 செயலியின் ஊக வாசிப்பு இன்னொரு மறைமுகக் காரணம்: ஃபிளாஷுக்கு ஒதுக்கிய 256 மெகாபைட் முகவரிப் பரப்பில் உண்மையான சிப் 16 மெகாபைட்தான் என்பது செயலிக்குத் தெரியாது. நினைவகப் பாதுகாப்பு அலகான எம்பியு கொண்டு மீதியை மூடாவிட்டால் இல்லாத இடத்தை வாசிக்கப் போய்ப் பஸ்ஸை மறித்துவிடக்கூடும்.

இஎஸ்பி32-எஸ்3 சிப்பில் இதே மோதல் இன்னும் கூர்மையாகிறது. உள் ரேம் 512 கிலோபைட். 800க்கு 480 திரையின் பஃபர் 7,68,000 பைட்டு. ஆகவே பஃபர் பிஎஸ்ரேம் என்ற வெளி ரேமுக்குப் போகிறது. அந்தப் பிஎஸ்ரேமும் ஃபிளாஷும் ஒரே எஸ்பிஐ பஸ்ஸைப் பகிர்கின்றன. படம் ஃபிளாஷிலிருந்து வரும்போது திரைக்கான ஓட்டம் இளைக்கிறது. திரையோ கடிகாரத்தை நிறுத்தாமல் அடுத்த பிக்சலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. விளைவு, படம் பக்கவாட்டில் நகர்ந்து சிலநேரம் அப்படியே நின்றுவிடுவது. சிப்பைத் தயாரிக்கும் எஸ்பிரெஸிஃப் தரும் விடைகளில் முக்கியமானது, உள் ரேமில் இரண்டு சிறு இடைத்தொட்டிகளை வைத்து, ஒன்று காலியாகும்போது மற்றதைச் செயலி நிரப்புவது. பத்து வரி கொள்ளும் தொட்டி, 16 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கடிகாரத்தில் அரை மில்லிநொடிக்குத் தாங்கும். 14 மைக்ரோநொடியோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். செயலியின் நேரத்தில் ஒரு பங்கு அதற்கு விலை.

இதே அளவுகோலை ஃபிளாஷில் எழுதும் நேரத்துக்கு வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. டபிள்யூ25க்யூ வகைச் சிப்பில் நான்கு கிலோபைட் செக்டாரை அழிக்க இயல்பாக 45 மில்லிநொடி, அதிகபட்சம் 400 மில்லிநொடி. அந்த நேரம் முழுக்க அதிலிருந்து வழக்கம்போல் வாசிக்க முடியாது; இஎஸ்பி32-எஸ்3இல் கேஷும் அணைக்கப்படுவதால் பிஎஸ்ரேமும் கைக்கு எட்டாது. அரை மில்லிநொடித் தொட்டி 45 மில்லிநொடியைத் தாங்காது. நிரலையும் மாறிலிகளையும் பிஎஸ்ரேமுக்கே மாற்றி, கேஷை அணைக்க வேண்டிய தேவையை நீக்குவதுதான் அங்கே பலன் தரும். படம் ஏற்றும்போது மினுக்குகிறது என்று சொல்லப்படும் சில வழக்குகளில், அதே கணத்தில் பயனரின் அமைப்பையோ பதிவுக் கோப்பையோ சேமிக்கும் எழுத்துதான் உண்மையான காரணமாக இருக்கும். பக்கம் மாறும்போது இரண்டும் சேர்ந்தே நடப்பதால் பழி படத்தின் மேல் விழுகிறது.

மின்வழங்கல்

ஃபிளாஷ் வாசிக்கும்போது இழுக்கும் மின்னோட்டம் பொதுவாகச் சில பத்து மில்லிஆம்பியருக்குள் அடங்கும். ஒழுங்கான ரெகுலேட்டரை அது அசைக்காது. பின்விளக்கின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் துடிப்பை மென்பொருளால் ஓட்டுபவர்களுக்கு வேறு ஆபத்து உண்டு: ஃபிளாஷ் வேலையின்போது இன்டரப்டுகள் தள்ளிவைக்கப்பட்டால் வெளிச்சமே தள்ளாடும். பிடபிள்யூஎம்மை வன்பொருள் டைமருக்கு மாற்றினால் தீர்ந்தது. கம்பிகளில் சைகை சிதைந்து தவறான பிட் வருவதும் உண்டுதான். ஆனால் அது படத்துக்குள் நிறப் புள்ளிகளாகவே பெரும்பாலும் தெரியும்.

எந்தச் சோதனை எதைப் பிரிக்கிறது

இந்த விளக்கங்களைப் பிரித்தறிய ஒரு சோதனை மற்றவற்றைவிட அதிகம் சொல்கிறது: ஃபிரேம் பஃபரைத் தொடாமல், ஃபிளாஷை மட்டும் சுற்றிச் சுற்றி வாசித்து, வாசித்ததைத் தூக்கிப்போடுவது. அப்போதும் மினுக்கினால் வரைதலும் ஒத்திசைவும் குற்றமற்றவை; மீதியிருப்பது பஸ் மோதலும் மின்சாரமும். மினுக்கம் நின்றால் சந்தேகம் வரையும் நிரலுக்கும் அது எழுதும் ரேமுக்கும் திரும்புகிறது. பிறகு அதே படத்தை உள் நினைவகத்தில் வைத்து வரைந்து பார்க்கலாம். தொட்டி வறண்டதைக் காட்டும் எல்டிடிசியின் அண்டர்ரன் கொடி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு வரி நிரல் போதும். பிக்சல் கடிகாரத்தைப் பாதியாக்கினால் கோளாறு மறைகிறதா என்பதும் நல்ல சோதனைதான். ஆனால் அதையே தீர்வாக வைத்துக்கொள்வது சந்தேகத்துக்குரியது. புதுப்பிப்பு மிகவும் குறைந்தால் எல்சிடியின் துருவ மாற்றமே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். 1981இன் பயாஸ் செய்தது போலக் கோளாறு உடை மாற்றிக்கொண்டு வரும்.

தீராதவை

சிப் தயாரிப்பாளர்கள் உச்ச வேகத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். பல கன்ட்ரோலர்கள் ஒரே நேரத்தில் கேட்கும்போது திரை அதிகபட்சம் எவ்வளவு காத்திருக்கும் என்ற எண் ஆவணங்களில் எளிதில் கிடைப்பதில்லை. இக்கட்டுரையின் ஒப்பீட்டில் ஒரு பக்கம் கணக்கிடக்கூடியது என்றால், மறுபக்கம் அளந்து பார்த்தே அறிய வேண்டியது. அளவீடும் பார்த்த வழக்குகளுக்குத்தான் பொருந்தும், மிக மோசமான வழக்கு அதில் அகப்படாமல் போகலாம். உள் ரேமைப் பெருக்கினால் எல்லாம் தீரும் என்ற எதிர்பார்ப்புக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. எஸ்டிஎம்32யு5 வரிசையின் பெரிய சிப்புகளில் ஏறத்தாழ 3 மெகாபைட் வரை உள் ரேம் வந்துவிட்டது. 800க்கு 480 திரைக்கு 16 பிட்டில் மூன்று பஃபர்கள் அதில் அடங்கும். அதே வேளையில் எதிர்த்திசையிலும் காற்று வீசுகிறது. 2021இல் வந்த ஆர்பி2040 மைக்ரோகன்ட்ரோலரில் உள் ஃபிளாஷே இல்லை; நிரலும் படமும் ஒரே வெளிச் சிப்பிலிருந்து 16 கிலோபைட் கேஷ் வழியாக வருகின்றன. படத்தை வாசிக்கும்போது நிரல் கேஷிலிருந்து வெளியேற்றப்படும். கேஷைத் தவிர்த்து வாசிக்கத் தனி முகவரியும் ஓட்ட வாசிப்பு வசதியும் அந்தச் சிப்பில் இருந்தாலும் அவற்றைக் கேட்டுப் பயன்படுத்துவது நிரலாளரின் பொறுப்பு. எஸ்டிஎம்32எச்7ஆர் வரிசையும் உள் ஃபிளாஷை 64 கிலோபைட்டாகச் சுருக்கி அதே பாதையில் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்றுவழி மென்பொருள் புதுப்பிப்பை எழுத வேண்டிய கருவிகளில், நிரலுக்கும் படத்துக்கும் இரண்டு தனிச் சிப்புகள் வைப்பதா, ஒரே சிப்பில் அழிப்பை இடைநிறுத்தி இடைநிறுத்திச் செய்வதா என்பதில் ஒருமித்த வழக்கம் இன்னும் உருவாகவில்லை. முதலாவதற்குப் போர்டில் இடமும் காசும் வேண்டும். இரண்டாவதில் ஒவ்வொரு இடைநிறுத்தமும் எழுத்து முடியும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. எந்த அளவுவரை தள்ளலாம் என்பது சிப்புக்குச் சிப்பு மாறுகிறது.